தவணைக்கு முன் கடன் தீர்த்தல்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இவ்விரண்டையும் முப்பது வயதிற்குள் முடித்துவிட்ட இளங்குடும்பங்கள் இன்று நம் சங்கங்களில் பல உள்ளன. கல்யாணத்தைப் பெற்றோர் செய்துவைத்தனர். வீட்டைக் கடன் கட்டிக் கொடுத்தது. தறி போட இடமும், மழைக்கு ஒழுகாத கூரையும், பிள்ளைகள் படிக்க ஒரு மூலையும் வேண்டிப் பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டுக் கெடுவில் கடன் பெற்றுள்ள நெசவாளரும் உழவரும் அவர்களுள் அடங்குவர். மாதத் தவணைக்கு மேலும் கையில் கிடைத்ததைக் கட்டி, கெடுவுக்கு முன்பே கடனைத் தீர்த்துவிடலாமா என்று இவர்களுள் பலர் இப்பொழுது கேட்கின்றனர்.

தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும் என்பதே நம் கருத்து. ஆயினும் எந்தப் பணத்தைக் கொண்டு, எந்தக் கடனை, எந்த வரிசையில் தீர்ப்பது என்று ஆராயாமல் இறங்கினால் நல்ல நோக்கமும் கேட்டில் முடியும். சங்கங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அதனைச் சில சங்கங்கள் இன்னும் உணர்ந்தபாடில்லை. இவ்விரண்டையும் குறித்து ஈண்டுச் சிறிது விரித்துரைப்போம்.

வட்டியின் போக்கு

கணக்கில்லாமல் கருத்துக் கூறுதல் கூட்டுறவுக்கு அழகன்று. ஆதலின் முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் ரூ. 10 லட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில், 20 ஆண்டுக் கெடுவில் கடனாகப் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வழக்கில் இது முக்கால் வட்டி. மாதத் தவணை ரூ. 8,997 ஆகும். முதல் மாதத்தில் அக்குடும்பம் கட்டும் தொகையில் ரூ. 7,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ரூ. 1,497 மட்டுமே.

இவ்வாறு ஐந்து ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டினால், கட்டிய மொத்தம் சுமார் ரூ. 5,40,000 ஆகும். ஆனால் அசலில் இன்னும் சுமார் ரூ. 8,87,000 நிற்கும். பத்து ஆண்டுகள் முடிந்து கெடுவில் பாதி கழிந்த பின்னும் நிலுவை ரூ. 7,10,000-க்குக் குறையாது. இருபது ஆண்டு முடிவில் பத்து லட்சத்துக்காகக் கட்டியது ஏறத்தாழ ரூ. 21,59,000, அதில் வட்டி மட்டும் ரூ. 11,59,000. கணக்கில் பிழையேதும் இல்லை, எவரும் ஏமாற்றவும் இல்லை. நிலுவை பெரிதாக இருக்கும் தொடக்க காலத்தில் வட்டியும் பெரிதாக இருப்பது இயல்பே. இந்த இயல்பை அறிந்துகொண்டால் அதனை வெல்லும் வழியும் புலனாகும்.

அதே குடும்பம் முதல் மாதம் தொடங்கித் தவணையோடு ரூ. 1,000 கூடுதலாகக் கட்டிவந்தால், 240 மாதக் கடன் 186 மாதத்தில் தீர்ந்துவிடும். நான்கரை ஆண்டுகள் குறையும். வட்டியில் சுமார் ரூ. 3 லட்சம் மிச்சமாகும். மாதம் ஓராயிரம் என்பது எல்லாக் குடும்பத்துக்கும் எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்ற, இருவர் உழைப்பும் ஒரே கூலியாக வந்து சேரும் வீட்டிலும், தீபாவளிக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். உழவர் வீட்டிலும் அறுவடைக்குப் பின் ஒருமுறை கை நிறையும். அப்படி ஒருமுறை கிடைப்பதை என்ன செய்வது?

முதல் ஆண்டு முடிவில் ரூ. 50,000-ஐ ஒரே தொகையாக அசலில் கட்டி, மாதத் தவணையை மாற்றாமல் வைத்துக்கொண்டால், கடன் சுமார் 27 மாதம் முன்னதாகத் தீரும். மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ ரூ. 1,98,000. அதே ரூ. 50,000-ஐப் பத்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் 13 மாதமே குறையும். மிச்சம் சுமார் ரூ. 67,000. தொகை ஒன்றே, காலம் வேறு. கூடுதலாகக் கட்டக்கூடியவர் தொடக்க ஆண்டுகளில் கட்ட வேண்டும் என்பது இதனால் விளங்கும். "பிள்ளைகள் வளரட்டும், பிறகு பார்ப்போம்" என்பவர் ஆதாயத்தின் பெரும்பகுதியைக் கைவிடுகிறார்.

வட்டி உயரும்போது

மேற்சொன்ன கணக்கு வட்டி விகிதம் மாறாது என்ற கொள்கையில் நின்றது. இன்றைய வீட்டுக் கடன்களுள் பெரும்பாலானவை மாறும் வட்டியில் வழங்கப்பட்டவை. விகிதம் உயர்ந்தால் கடன் கொடுத்தோர் பெரும்பாலும் மாதத் தவணையைத் தொடாமல் கெடுவை மட்டும் நீட்டிவிடுவர். கடன் பெற்றவர் கட்டும் தொகை மாறாததால் நடந்ததை அறியார். மேற்சொன்ன கடனிலேயே, பெற்ற உடனே விகிதம் 9-லிருந்து 10 ஆகித் தவணை மாறாமல் நின்றால், 240 மாதக் கெடு 314 மாதமாக நீண்டுவிடும். ஆறு ஆண்டுகளுக்கு மேல் கூடுதல்! தவணையில் ரூ. 653 மட்டும் கூட்டியிருந்தால் கெடு இருபது ஆண்டாகவே நின்றிருக்கும். மொத்தத்தில் சுமார் ரூ. 5 லட்சம் மிஞ்சியிருக்கும்.

இத்தகைய நேரத்தில் தவணையை உயர்த்துவதா, கெடுவை நீட்டுவதா, இரண்டையும் சிறிது சிறிது செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் பெற்றவருக்கு அளிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. எந்த நேரத்திலும் பகுதியாகவோ முழுமையாகவோ முன்கூட்டிக் கட்டும் உரிமையும் அதில் சொல்லப்பட்டுள்ளது. உரிமை காகிதத்தில் இருப்பதால் மட்டும் பயன் விளையாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கடன் கணக்கின் நகலைக் கேட்டு வாங்கி, இன்னும் எத்தனை தவணை நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பவரே அதனைப் பயன்படுத்த வல்லவர்.

எந்தக் கடன் முதலில்?

நிற்க. வீட்டுக் கடனைத் தீர்க்கும் ஆர்வத்தில் வேறு கடன்களை மறந்துவிடும் இளைஞர்களும் உள்ளனர். வீட்டுக் கடன் பெரிது, கண்ணை உறுத்துவது. கைமாற்றாக வாங்கிய ஐம்பதாயிரம் சிறிது, பார்வையில் படுவதில்லை. ஆனால் எது குடும்பத்தை அரிக்கிறது என்பதைத் தொகை காட்டாது, வட்டி விகிதமே காட்டும். முக்கால் வட்டியில் ரூ. 50,000-க்கு மாதம் ரூ. 375 ஆகிறது. இரண்டு வட்டியில் அதே தொகைக்கு மாதம் ரூ. 1,000 ஆகிறது, ஆண்டுக்கு நூற்றுக்கு 24. இரண்டு வட்டிக் கடனை வைத்துக்கொண்டு வீட்டுக் கடனில் ரூ. 50,000 கட்டுபவர் மாதந்தோறும் ரூ. 625-ஐத் தாமே இழக்கிறார். மிகை வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. இருந்தும் தெருமுனைக் கடன் மறைந்துவிடவில்லை. ஆகவே முதலில் தீர வேண்டியது அதுவே. அதன் பின் அடகில் உள்ள நகை. நகையை மீட்டால் வட்டி நிற்பதோடு, ஆபத்துக் காலத்தில் எடுத்து உதவும் பொருளும் வீட்டுக்கு வந்து சேரும்.

உழவர்க்குத் தனியாக ஒரு சொல். நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களில் பெறும் பயிர்க்கடனைக் கெடு நாளுக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. எனவே பயிர்க்கடனை அவசரப்பட்டு முன்கூட்டித் தீர்ப்பதில் ஆதாயமில்லை. கெடு தவறுவதிலோ பெரும் நட்டமுண்டு. அறுவடைப் பணம் வந்ததும் பயிர்க்கடனுக்கு உரியதை முதலில் ஒதுக்கிவைத்து, அதன் பின்னரே வீட்டுக் கடனை நினைத்தல் வேண்டும். அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்கும் பணத்தை வீட்டுக் கடனில் கட்டிவிட்டு, உரக்கடையில் கடன் சொல்லி நிற்பதும் இத்தகைய அறியாமையே.

கையிருப்பு

வீட்டுக் கடனில் கட்டிய பணம் திரும்பி வாராது. சேமிப்பில் கிடக்கும் பணம் கேட்டவுடன் கைக்கு வரும். மாதச் சம்பளம் பெறுவோரைவிட நெசவாளரும் உழவரும் இவ்வேறுபாட்டை மிகுதியாக நினைவிற் கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது, குழித்தறியின் குழியில் நீர் ஊறும், கூலி குறையும். ஆனால் தவணை நாளுக்கு மழை தெரியாது. ஊக்கத்தொகை முழுவதையும் அசலில் கட்டிவிட்டு, மறுமாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மனைவியின் நகையை அடகு வைத்த குடும்பங்களை நாம் அறிவோம். அவர்கள் முக்கால் வட்டிக் கடனைக் குறைத்து, அதனினும் மிகுந்த வட்டிக் கடனை வாங்கினர். கட்டியது குற்றமன்று. கையில் ஒன்றும் வையாமல் கட்டியதே பிழை.

ஆதலின் நெசவாளர் குடும்பம் நான்கு மாதச் செலவையும் நான்கு தவணையையும், உழவர் குடும்பம் அடுத்த அறுவடை வரையிலான செலவையும் முதலில் சேர்த்துவைத்தல் நலம். இதனைச் சங்கத்திலோ வங்கியிலோ தனி வைப்பாக வைக்கலாம். கூலியிலிருந்து பிடிக்கப்படும் சேமிப்பு நிதியை இதற்கு ஈடாகக் கருதலாகாது. அது முதுமைக்கு உரியது. உழைப்பவர் ஒருவர் திடீரென இல்லாது போனால் வீட்டின் கதி என்ன என்பதையும் இளந்தம்பதியர் எண்ணிப் பார்க்க வேண்டும். 50 வயதுக்கு உட்பட்டோர் சேரக்கூடிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டில், 2022 ஜூனில் திருத்தப்பட்ட விகிதப்படி ஆண்டுக் கட்டணம் ரூ. 436, ஈட்டுத்தொகை ரூ. 2 லட்சம். பத்து லட்சக் கடனுக்கு அது முழுக் காவலன்று. ஆயினும் ஒன்றுமில்லாமைக்கு அது மேல். கணவன் பெயரில் மட்டுமன்றி மனைவி பெயரிலும் எடுத்தல் வேண்டும். தார் சுற்றும் கை நின்றால் தறியும் நின்றுவிடும் அன்றோ!

இவை முடிந்த பின் மிஞ்சுவதே முன்கூட்டிக் கட்டுவதற்குரிய பணம். அது மாதம் முந்நூறு ரூபாயாக இருந்தாலும் இழிவில்லை.

மறுப்புகள் இரண்டு

படித்தோர் சிலர் இதற்கு இரண்டு மறுப்புகள் கூறுவர். பண மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால், இன்று பாரமாகத் தோன்றும் தவணை பதினைந்து ஆண்டு கழித்துச் சிறு தொகையாகிவிடும். அவசரம் ஏன் என்பது ஒன்று. அப்பணத்தை வேறிடத்தில் முதலீடு செய்தால் ஒன்பதுக்கு மேல் வருமானம் கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆண்டுதோறும் சம்பளம் உயரும் உத்தியோகஸ்தருக்கு முதல் வாதம் பொருந்தும். கூலி உயர்வு எப்பொழுது வரும் என்று சொல்ல இயலாத கைத்தறியாளருக்கும், விலை வீழ்ந்தால் விளைச்சலைச் சாலையில் கொட்டும் தக்காளி விவசாயிக்கும் அது பொருந்தாது. பங்குச் சந்தையில் ஒன்பதுக்கு மேல் கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். கடனில் கட்டிய ரூபாய்க்கு ஒன்பது வட்டி மிச்சமாவதோ உறுதி. வருவாய் உறுதியில்லாதவருக்கு உறுதியான ஆதாயத்தின் அருமை தெரியும். வருமான வரிச் சலுகை போய்விடுமே என்பாரும் உளர். நம் அங்கத்தினருள் வரி கட்டும் அளவுக்கு வருமானமுடையோர் சிலரே. புதிய வரிமுறையிலோ, தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை.

கெடுவைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா?

ஒரு பெருந்தொகையை முன்கூட்டிக் கட்டும்போது, அதன் பயனைக் கெடுவில் குறைப்பதா, மாதத் தவணையில் குறைப்பதா என்று கேட்கப்படும். முதல் ஆண்டு முடிவில் கட்டிய அந்த ரூ. 50,000-ஐயே எடுத்துக்கொள்வோம். தவணையைக் குறைத்தால் ரூ. 8,997 என்பது ரூ. 8,539 ஆகும்; ஆனால் மொத்த வட்டியில் மிச்சம் சுமார் ரூ. 54,500 மட்டுமே. கெடுவைக் குறைத்தால் மிச்சம் ரூ. 1,98,000 என மேலே கண்டோம். கணக்கு மட்டும் பார்ப்பவர் கெடுவைக் குறை என்பர்.

நம் அங்கத்தினருக்கு நாம் கூறுவது வேறு. வருவாய் ஏறியிறங்கும் குடும்பம் தவணையைக் குறைத்து எழுதிக்கொண்டு, முடிந்த மாதமெல்லாம் பழைய ரூ. 8,997-ஐயே கட்டிவரட்டும். கூடுதலான ரூ. 458 மாதந்தோறும் அசலில் வரவாகுமாயின், கெடுவைக் குறைத்தவர் பெறும் ஆதாயம் முழுவதும் இவருக்கும் கிட்டும். மழை மாதத்தில் கை தாழ்ந்தால் ரூ. 8,539 கட்டினாலே போதும். தவணை தவறியவர் என்ற பெயர் வாராது. கட்டுப்பாடு தம் கையில், சலுகையும் தம் கையில். ஆனால் குறைந்த தொகையையே பழக்கமாக்கிக்கொள்பவருக்கு இவ்வழி ஆகாது. தம் மனத்தை அறிந்து தேர்ந்துகொள்க.

சங்கங்களின் கடமை

இனிச் சங்கங்களைப் பற்றி. ஒரு சங்கத்தின் பதிவேடுகளை ஆய்வு செய்கையில், ஓர் அங்கத்தினர் தவணைக்கு மேல் கட்டிய தொகைகள் பல மாதங்களாக அனாமத்துக் கணக்கில் கிடப்பதைக் கண்டோம். அசல் குறையவில்லை, வட்டி முழு நிலுவைக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டியவரோ தம் கடன் குறைந்து வருவதாக நம்பியிருந்தார். வேறு சிலவிடங்களில் கூடுதல் தொகையை வருங்காலத் தவணைகளுக்கு முன்பணமாக வரவு வைப்பதும் உண்டு. அதனாலும் வட்டி குறைவதில்லை. தீய எண்ணத்தால் அன்று, வழக்கத்தால் நேர்வது இது. எனினும் இழப்பு அங்கத்தினருடையதே. ஆதலின் கூடுதலாகக் கட்டுவோர், "இத்தொகையை அசலில் வரவு வைக்கவும்" என்று எழுத்தில் கொடுத்து, இரசீதிலும் கடன் புத்தகத்திலும் அவ்வாறே பதிந்திருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலுவைக்கு வட்டி கணக்கிடுவது மாதந்தோறுமா, ஆண்டுக்கொரு முறையா என்றும் கேட்க. ஆண்டுக்கொரு முறையாயின், கணக்கு மூடும் நாளுக்குச் சற்று முன் கட்டுவதே பயன் தரும். அதுவரை பணத்தை வைப்பில் வைத்திருக்கலாம்.

மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டித் தீர்ப்பதற்கு வங்கிகள் கட்டணம் வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 1-1-2026 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் பெற்றவற்றுக்குக் கூட்டுறவு வங்கிகளும் அக்கட்டணம் வாங்கல் ஆகாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதும், கடன் பெற்று எத்தனை நாளாயிற்று என்பதும் தடையாகா. கடன் முழுதும் தீர்ந்தபின் 30 நாளுக்குள் வீட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும்; தம் தவற்றால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள மற்றொரு விதி.

ரிசர்வ் வங்கியின் ஆணைக்கு உட்படாத வீட்டுவசதிச் சங்கங்களும் பிற சங்கங்களும் இவ்விதிகளைத் தாமாகவே மேற்கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள். "வட்டி வருமானம் குறையுமே" என்று செயலாளர்கள் கவலையுறுவர். மேல்நிலை நிறுவனத்தில் வாங்கிய கடனைச் சங்கம் முன்கூட்டித் திருப்ப இயலாதபோது, அங்கத்தினர் முன்கூட்டிக் கட்டிய பணம் வட்டியின்றித் தேங்கும் என்பதும் மெய்யே. அதற்குப் பரிகாரம், காத்திருக்கும் மற்றொரு குடும்பத்துக்கு அப்பணத்தைக் கடனாக வழங்குவதும், மேல்நிலை நிறுவனங்களும் முன்கட்டும் தொகையை ஏற்குமாறு செய்வதும் ஆகும். தீர்க்க வந்தவரைத் தடுத்து நிறுத்துவது பரிகாரமன்று. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் உழவர், கைவினைஞர், சிறு வருவாயினர் ஆகியோரிடையே சிக்கனத்தையும் தன்னுதவியையும் வளர்க்கவென்றே பிறந்தது. அங்கத்தினர் கடனில் நீடிப்பதையே வருமானமாகக் கருதும் சங்கம் தன் பிறப்பின் நோக்கத்தை மறந்த சங்கமாகும்.

இளங்குடும்பங்கள் தீபாவளிக்கு முன்னரே ஒரு தாளில் தம் கடன்களை எல்லாம் வட்டி விகித வரிசைப்படி எழுதிப் பார்க்கட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுதட்டும். சங்கங்கள் வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றட்டும்: கூடுதலாகக் கட்டும் தொகை அன்றைய தினமே அசலில் வரவு வைக்கப்படும் என்பது ஒன்று, ஆண்டுதோறும் ஒவ்வொரு கடன்தாரருக்கும் நிலுவையும் மீதித் தவணையும் காட்டும் கணக்கு எழுத்தில் வழங்கப்படும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் பெருஞ்செலவு இல்லை. அரசாங்க ஆணைக்காகக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. அங்கத்தினர்கள் எழுந்து கேட்பார்களாயின் நிருவாகக் குழுக்கள் மறுக்க மாட்டா என்று நம்புகிறோம்.